இருபத்து நான்கு சொடுக்கு

பெரிய வண்டிக்குக் குளிர்காலத்தில் சின்ன ரிம் போடுவதுதான் நல்லது. யார் கேட்டாலும் இதையே சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன், சார்ஜென்ட். இந்தக் காலத்துப் பெரிய வண்டிகள் கடையிலிருந்து வரும்போதே இருபத்திரண்டு அங்குல ரிம்மோடு வருகின்றன. பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் டயர் என்று பார்த்தால் ரிம்மைச் சுற்றி ஒட்டிய ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவுதான். பிப்ரவரி மாதம் நம் ஊர்ச் சாலைக் குழி ஒன்றில் இறங்கினால் ரிம் நெளிந்து போகும். பதினெட்டு அங்குலத்துக்கு இறங்கினால் ரப்பர் உயரமாக இருக்கும், அடியைத் தாங்கும், அகலம் குறைவதால் பனிக்குள் அழுந்திப் பிடிக்கும். இந்தச் சிகூட்டிமி ஊரில் இருபத்தாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், என் பேச்சை நம்பலாம். ஸ்டேஷன் வாசலில் நிற்பது உங்கள் வண்டிதானே? முன் வலது டயரில் காற்று குறைவு. போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கிஸ்லேன் என் முன்னாள் மனைவி. முன்னாள் என்று சொல்ல எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. இருபத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்பு ஃபபியேன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு தெரு தள்ளித்தான். நான் கத்தவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. அவள் பெட்டிகளை நானே காரில் ஏற்றி, அசையாமல் இருக்க நடுவில் போர்வை சொருகி அனுப்பினேன். ஃபபியேன் பள்ளியில் கணக்கு ஆசிரியர். நல்ல மனிதர். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை அவரைப் பற்றி என் வாயிலிருந்து வந்ததில்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொறாமை என்று எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுதுங்கள்.

அவளுடைய சின்ன சிவப்புக் காருக்கு வருஷம் இரண்டு முறை நான்தான் டயர் மாற்றுவேன். நவம்பரில் குளிர்கால டயர், ஏப்ரலில் கோடைக்கால டயர். பிரிந்த பிறகும் அது நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்கள் முன்னறையில் உட்கார வேண்டும், அது பட்டறை விதி. அவள் மட்டும் உள்ளே வந்து, வண்டி தூக்கும் லிஃப்ட் பக்கத்தில் என் முக்காலியில் உட்காருவாள். இரண்டு காபி, ஒரு டோனட் வாங்கி வருவாள். டோனட்டை அவளே பாதியாகப் பிய்த்து, க்ரீஸ் படிந்த என் கையில் கொடுக்காமல் வாயில் வைப்பாள். நாற்பது நிமிஷம் ஆகும். இருபது நிமிஷத்தில் முடிக்கிற வேலைதான், நான் நாற்பது நிமிஷம் பண்ணுவேன். ஆக, வருஷத்துக்கு எண்பது நிமிஷம். ஒரு மனிதனுக்கு இது அதிகம் என்று நீங்கள் சொல்ல முடியாது.

என்னோடு வேலை பார்க்கும் யோலான் கிண்டல் பண்ணுவான். "என்ன ஜெர்வே, மூஞ்சியெல்லாம் பளபளன்னு இருக்கு? ஓ, நவம்பர் வந்திருச்சா?" என்பான். நான் சிரித்துக்கொள்வேன். கழற்றிய டயர்களை மேல்மாடி அடுக்கில் வைத்து அட்டை கட்டுவோம். எல்லாருக்கும் முழுப்பெயர், தொலைபேசி எண் எழுதுவேன். அவள் அட்டையில் கிஸ்லேன் என்று மட்டும் இருக்கும்.

இந்த நவம்பரில் அவள் கூப்பிடவில்லை. ஃபபியேன் கூப்பிட்டார்.

"வணக்கம் ஜெர்வே, தொந்தரவு பண்றேனா? சின்ன கார வித்துட்டோம். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பெரிய வண்டியா வாங்கிட்டோம். கிஸ்லேனுக்கு வேலை இருக்கு, நானே கொண்டு வரட்டுங்களா?"

அவர் என்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வார். எனக்கும் அவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம்.

கொண்டு வாருங்கள் என்றேன். கறுப்பு வண்டி, படகு மாதிரி பெரியது. இறங்கி வந்து கை கொடுத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கிஸ்லேன் கண்டிப்பா சொல்லிட்டா. 'பெரிய வண்டிக்குக் குளிர்காலத்துல சின்ன ரிம் போடறதுதான் நல்லது, பதினெட்டு போடச் சொல்லு'ன்னு. அவளுக்கு எப்படித்தான் இதெல்லாம் தெரியுதோ."

எப்படித் தெரியும் என்று நான் சொல்கிறேன். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், அவள் அப்பா வீட்டு முற்றத்தில், அவருடைய பெரிய வண்டிக்கு நான் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருபத்து மூன்று வயது. கையுறை மறந்து வந்தவள், கேட்காமல் கொள்ளாமல் என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "எதுக்கு சின்னதாப் போடறே?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் அது. வார்த்தை மாறாமல் அதேதான். அவளிடம் நான் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வாக்கியமே அதுதான். அதை அவள் இருபத்தாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, எடுத்து இவருக்குக் கொடுத்திருக்கிறாள். வயிறு எரிந்தது என்று சொன்னால் நீங்கள் சந்தோஷமாக எழுதிக்கொள்வீர்கள். சரி, எரிந்தது.

ஆனால் அன்று வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ரிம் பிரேக்கில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு நட்டையும் உரிய அளவுக்கு முறுக்கினேன். வண்டியைக் கீழே இறக்கியதும் யோலான் பின்னால் போய் நின்று பார்த்தான்.

"மேயருக்கு வீட்டுச் செருப்பு மாட்டிவிட்ட மாதிரி இருக்கேப்பா" என்றான்.

ஃபபியேன் சிரித்தார். "கிஸ்லேனும் பாத்தா இதையேதான் சொல்லுவா, பாருங்க" என்றார். அவள் என்ன சொல்வாள் என்பதை என் பட்டறையில் நின்று எனக்கே சொன்னார். கழற்றிய பெரிய சக்கரங்களை மேலே ஏற்றி அட்டை எழுதினேன். இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

இங்கேதான் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கரம் மாற்றினால் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்பி வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு சீட்டு கொடுப்போம். ஒருவரும் வருவதில்லை. உங்கள் வண்டிப் பெட்டியைத் திறந்தால் அந்தச் சீட்டு மடிப்புக் கலையாமல் கிடக்கும். இருபத்தாறு வருஷத்தில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஃபபியேன் வந்தார். எட்டாம் நாள், சரியாக நூற்று மூன்று கிலோமீட்டரில் வந்தார். மூன்று கிலோமீட்டர் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார்.

விதி தெரியாமல் அவரும் உள்ளே வந்து என் முக்காலியில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பச்சைக் கம்பளி, மணிக்கட்டில் மஞ்சள் கோடு. நல்ல கையுறை என்றேன். "கிஸ்லேன் பின்னினது" என்றார். இருபத்தோரு வருஷத்தில் எனக்கு அவள் ஒரு குல்லாகூடப் பின்னியதில்லை. அவளுக்குப் பின்னத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அளவு வைத்து முறுக்கும் ஸ்பேனரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியில் ஓர் எண் வைக்க வேண்டும். அந்த இறுக்கம் வந்ததும் விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம் வரும். அந்த வண்டிக்கு நூற்று நாற்பது வைக்க வேண்டும். ஆனால் நாற்பது வைத்தாலும் சத்தம் அதேதான். மூன்று சக்கரங்களுக்கு நூற்று நாற்பதில் முறுக்கினேன். முன் இடதுக்கு வந்தபோது ஆறு நட்டுகளையும் தளர்த்திவிட்டு, நாற்பது வைத்து முறுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று கவனிக்கிற ஆள் இல்லை, எண்ணுகிற ஆள். ஒவ்வொரு சொடுக்கையும் வாய்க்குள் எண்ணினார். "இருபத்து நாலு. கணக்கு சரியா இருக்கு" என்று எழுந்து கை கொடுத்தார். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள், அது உண்மை இல்லை. நான் நினைத்தது இவ்வளவுதான்: நாலைந்து நாளில் வண்டி லேசாக நடுங்கும். அவர் பயந்த சுபாவம். அவளிடம் சொல்வார். கொடு, நான் ஜெர்வேகிட்ட கொண்டு போறேன் என்று அவள் சொல்வாள். வருவாள், உட்காருவாள். நான் பார்த்துவிட்டு, நல்ல வேளை வந்தே என்று சொல்லி இறுக்கிக் கொடுப்பேன். இதில் யாருக்கு என்ன கெடுதல்? முக்காலிக்குப் புது உறைகூடத் தைக்கக் கொடுத்தேன்.

நான் நினைத்த மாதிரியேதான் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"ஜெர்வே, நான்தான். முன்னாடி இடது பக்கம் ஏதோ நடுங்குதுன்னு ஃபபியேன் வியாழக்கிழமையிலேருந்து சொல்லிட்டே இருக்கார். இப்ப அவருக்குக் காய்ச்சல், படுத்துட்டார். நாளைக்கு நான் கெபெக் சிட்டி போய் அக்காவக் கூட்டிட்டு வரணும். காட்டுப் பார்க் நெடுஞ்சாலை வழியாப் போகலாமா?"

"இப்பவே கொண்டு வா. அஞ்சு நிமிஷ வேலை. காபி போட்டு வைக்கிறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை அது.

"வேணாம் ஜெர்வே. உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா. இது இத்தோட போதும், சரியா? திங்கக்கிழமை ஃபபியேன் கொண்டு வருவார். நாளைக்குப் போனா ஆபத்து ஒண்ணும் இல்லையே, அத மட்டும் சொல்லு."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது, யோலான் மண்வாரியோடு நின்றான். எல்லாம் நினைவிருக்கிறது. வந்து தொலைத்திருக்கலாம். நான்கு தெரு. நான் அவளிடம் வேறு எதையும் கேட்கவில்லையே.

"புது டயர்னா அப்படித்தான் நடுங்கும். தைரியமாப் போ" என்றேன்.

"உன்ன நம்பித்தான் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை வாசலில் பனி அள்ளினேன். இரண்டு முறை தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். பதினொரு மணிக்குக் காபி போட்டேன். பதினொன்று பத்துக்குப் பார்க் சாலை ஏரி வளைவில் சக்கரம் கழன்றதையும், எதிரே வந்த மரலாரியையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். லாரி ஓட்டி வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு நிம்மதி.

அடக்கத்தன்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் ஃபபியேன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீங்க உங்க வேலைய சரியாத்தான் செஞ்சீங்க, நானே இருபத்து நாலும் எண்ணினேன்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன், சார்ஜென்ட். நீங்களும் விபத்து என்று கோப்பை மூடியிருப்பீர்கள்.

அவர் நிறுத்தவில்லை. "வியாழக்கிழமையே நடுக்கம் தெரிஞ்சும் சும்மா இருந்தது நான்தான், காய்ச்சலோட நானே போயிருக்கணும், அவள நான்தான் கொன்னேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறது. யோலான்கூட சூப் எடுத்துக்கொண்டு போனான். உங்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம், உரிமையாளரின் கவனக்குறைவு என்று. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டான், பொறுத்துக்கொண்டேன். என் நவம்பரையும் ஏப்ரலையும் எடுத்துக்கொண்டான். நான் அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தையை எடுத்துக்கொண்டான். இப்போது அவள் சாவையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். எண்ணத் தெரிந்ததைத் தவிர அவனுக்கு இதில் என்ன தெரியும்? அவள் கடைசியாகக் கேள்வி கேட்டது என்னிடம். அவள் நம்பிப் போனது என் வார்த்தையை. அந்த நேரத்தில் அவன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியவன் நான். ஸ்பேனரில் நாற்பது வைத்தவன் நான். அவள்தான் ஓட்டப் போகிறாள் என்று தெரிந்து, சக்கரம் தாங்காது என்றும் தெரிந்து, போகச் சொன்னவன் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். அவன் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்துவிடுங்கள், அவன் பெயர் எந்த இடத்திலும் வரக் கூடாது. இது எனக்கும் என் மனைவிக்கும் இடையில் உள்ள விஷயம்.