பின்வாசல் வலை

எங்கள் வீட்டுப் பின்வாசல் கிழக்குப் பார்த்தது. காலை ஏழரை மணிக்கு அங்கே விழுகிற வெளிச்சத்துக்காகவே அந்த வீட்டை மாற்றாமல் இருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். நல்ல வெளிச்சம் எதுவென்று எனக்குத் தெரியும்.

வட்ட வலை பின்னும் சிலந்திகளை மட்டும்தான் படம் எடுப்பேன். மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், துணிக்கொடி என்று வீட்டைச் சுற்றிப் பதினோரு வலைகள். அவற்றால் யாருக்கும் தொந்தரவு கிடையாது.

வீட்டில் நானும் அக்காவும்தான். மாமா போனபிறகு என்னோடு வந்துவிட்டாள். நல்லவள். துடைப்பம் கையில் கிடைத்தால் மட்டும் கை சும்மா இருக்காது. போன மாதம் தொட்டிக்குப் பின்னால் இருந்ததை ஒரே வீச்சில் வழித்துப் போட்டாள். நான் கத்தவில்லை. பேசுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். அவள் போட்டு வைத்த தட்டைத் தொடவில்லை. பத்தொன்பதாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இனிமே தொடவே மாட்டேன்டா தம்பி. ஒரு வார்த்தை பேசு."

பேசினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்வாசல் நிலைக்குக் குறுக்கே பெரிய சிலந்தி ஒருத்தி வலை கட்டியிருந்தாள். அது கலையக் கூடாதென்று அக்கா முன்வாசல் வழியாகச் சுற்றிப்போய்த்தான் துணி காயப்போட்டாள். நான் சமையலறைக்குள் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். சிலந்தி சட்டை உரிக்க ஆரம்பித்தது. ஒரே இழையில் தொங்கிக்கொண்டு, பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவும். அப்போது வலை அதிர்ந்தால் கால் முறிந்துபோகும், உயிரும் போகலாம். மூன்று வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

அக்காவுக்கு இழுப்பு வந்தது. பழைய வியாதி. முன்பக்கம் போய் மணி அடித்தாள். நான் தாழ் போட்டிருந்தேன். அந்தக் கதவைத் திறந்தால் காற்று நேராகப் பின்வாசலுக்கு வரும். மூன்று தடவை அடித்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கமே திரும்பி வந்தாள்.

வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இன்ஹேலர் என் முழங்கைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.

"தம்பி... மருந்து..."

"ரெண்டு நிமிஷம்க்கா. இன்னும் நாலு கால்தான் பாக்கி."

நிலையைப் பிடித்துக்கொண்டாள். வலை ஆடியது.

"நிலையை விடுக்கா, ஆடுது."

விட்டுவிட்டாள். படியில் உட்கார்ந்தாள். அவளுடைய நீலச் சேலை படத்தின் பின்னணியில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். தவழ்ந்து நகர்ந்தாள்.

ஒரு தடவை எழுந்து வந்து வலையைப் பார்த்துக் கையை ஓங்கினாள். ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும், உள்ளே வந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.

நான் சொன்ன ரெண்டு நிமிஷம் இருபத்தாறு நிமிஷம் ஆனது. எண்பத்து நான்கு படங்கள். கேமராவில் நேரம் பதிவாகியிருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். கடைசிப் பதினைந்து படம் எடுக்கும்போது அவளுக்கு மூச்சு இல்லை. அது எனக்குத் தெரிந்தே இருந்தது, மறைக்க மாட்டேன். வலை அதன்பிறகு துளிகூட அசையவில்லை. அந்தப் பதினைந்தும் துல்லியமாக வந்திருக்கின்றன.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம் அய்யா, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓங்கிய கையை அவள் பயந்துதான் இறக்கினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். என்னிடம் அவளுக்கு என்ன பயம்? அந்த ஒரு நிமிஷத்தில்தான் அக்கா முதல்முறையாக என் வேலையை மதித்தாள்.