மாதா இன்னும் எங்கட வீட்டிலதான்

இல்லை ரீச்சர், நீங்கள் கேக்கிறது ஞாயம்தான். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமையாகேல்லை, வந்த அண்டைக்கே தொடங்கின பாட்டும் செபமும்... தலையிடி வரத்தான் செய்யும். எனக்கே வருது. ஒக்டோபர் மாதமெண்டா எங்கட மாதா சுரூபம் வீடு வீடாப் போகும். ஒரு வீட்டில ஒரு நாள். மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டுக்காரர் வந்து பாட்டோட தூக்கிக்கொண்டு போவினம். அதுதான் முறை. இங்க ஆறு நாளாயிட்டுது.

ஆறு நாளும் வாற சனத்துக்குத் தேத்தண்ணி ஆர் ஊத்திறது? நான்தான். கடலை அவிக்கிறது? அதுவும் இந்த மாகிரட்தான். அஞ்சலோ எண்டு ஒருத்தர் வாறார், அவர் பாட்டை எடுத்தாரெண்டா துறைமுகத்தில கப்பல் ஊதினமாதிரி. ஆராலயும் நிப்பாட்ட ஏலாது. முழங்கால் வேற வீங்கிப்போச்சு. ரீவி பாக்க ஏலாது, ஆரையும் ஏச ஏலாது. மாதாவை வைச்சுக்கொண்டு எப்பிடி ஏசுறது? நேற்று மீன்காரன் நாறல் சூரையைத் தந்தவன், வாயை மூடிக்கொண்டு வாங்கினனான்.

என்ன? அடுத்த வீட்டுக்காரர் ஏன் வரேல்லையோ... அதை ஏன் கேக்கிறியள். கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ.

அடுத்த வீட்டு நிலுஷா வந்தவ. பாவம், அவவைக் குறை சொல்லக்கூடாது. ரெண்டாம் நாளே மெழுகுதிரியும் குடையுமா படலையில வந்து நிண்டவ. நான்தான்... எனக்கு ஒன்பது நாள் நேர்த்தி எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். நேர்த்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. மாதாவுக்கு முன்னால நிண்டே பொய்.

எங்கட மனுசன் இராஜநாயகம் போன மாசியில கண்ணை மூடிட்டார். மகன் கனடாவில. பின்னேரமெண்டா இந்த வீட்டுக்குள்ள நான் என்னோடதான் கதைக்கிறது. இந்த ஆறு நாளும் குசினியில நிண்டு மாதாவோட கதைச்சனான். மீன் கதை, முழங்கால் கதை, மனுசன்ர கதை, எல்லாம். அவவும் மகனைப் பறிகுடுத்த தாய்தானே, விளங்கும். கனநாளைக்குப் பிறகு நல்லா நித்திரை கொண்டனான் ரீச்சர். எப்பிடிக் குடுக்கிறது?

குடுக்கோணும் எண்டும் தெரியும். நிலுஷாவின்ர மாமி படுக்கையில கிடந்து, மாதா எப்ப வருவா, எப்ப வருவா எண்டு கேக்கிறாவாம்.

சரி... நீங்கள் சைவம், செபமெல்லாம் சொல்ல வேண்டாம். பின்னேரத்தில ஒருக்கா வந்து, கொஞ்ச நேரம் என்னோட இருப்பியளோ? வாறனெண்டு சொல்லுங்கோ, இப்பவே நிலுஷாவுக்குக் கோல் எடுத்து, மாதாவைத் தூக்கிக்கொண்டு போக வரச் சொல்லுறன்.