கடைசியாகப் பார்த்த தேதி

சகோதரிகளே, மத்தவங்களைப் பத்தி மனசுல முடிவு கட்டி வைக்கிறதைப் பேசிட்டு இருந்தோம்... அதை அப்படியே நிறுத்திட்டு, நம்ம பக்கம் நடந்த ஒண்ணைச் சொல்றேன். சின்னதுதான்.

பக்கத்துக் கோயில் பங்குல ததேயூஸ்னு ஒருத்தர். செய்யிறது வயரிங் வேலை; மனசு பூராவும் கால்பந்து. கடற்கரை ஊர்ல எங்கே மேட்ச் நடந்தாலும் ஒரு நோட்டோட போய் உட்காருவார். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துவார். பேர், ஊர், உயரம், எந்தக் கால்ல அடிப்பான், பலம் என்ன, குறை என்ன... நானூத்திப் பன்னெண்டு பேர். யாரும் சொல்லிச் செய்யலை. ஆனா வெளியூர் கோச்சுங்க ஆள் வேணும்னா முதல்ல அவருக்குத்தான் போன் பண்ணுவாங்க. ததேயூஸ் சொன்னா சரியா இருக்கும்... அவர் சேர்த்து வச்சது அந்த ஒரு பேர்தான்.

ஒரு கோச் கூப்பிட்டார். "எங்க கம்பெனி டீமுக்குத் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் வேணும். உயரமா இருக்கணும், தலையால பந்தை அடிக்கணும். எடுத்தா வேலையும் உண்டு. இருபத்தஞ்சு வயசுக்குள்ள மூணு பேர் அனுப்புங்க."

கம்ப்யூட்டர்ல தேடினார். மூணு பேர் வந்தது. அனுப்பிட்டார்.

அந்த ஞாயிறு ஒரு மேட்ச். ரெக்ஸ்லின்னு ஒருத்தன், அப்பாவோட கடலுக்குப் போறவன், தடுப்புல நிக்கிறான். கார்னர் வருது... தலையால அடிச்சு வெளியே தள்றான். இன்னொண்ணு வருது... அதையும் தள்றான். ததேயூஸுக்குச் சந்தேகம். அவர் லிஸ்ட்ல ரெக்ஸ்லின் பேருக்கு நேரா, 'தலை குடுக்க மாட்டான்'னுல்ல இருக்கு?

மேட்ச் முடிஞ்சு கேட்டார். "லேய், நீ தலை குடுக்க மாட்டியேடே. எப்பம் பழகின?"

"எப்பம் குடுக்காம இருந்தேன் அண்ணே?"

"பள்ளிக்கூட கிரவுண்டு மேட்ச்ல. பந்து வர வர குனிஞ்சியே."

"அது நாலு வருசம் முன்ன. வள்ளத்துல அடிபட்டு நெத்தியில ஏழு தையல். ஆள் குறையுதுன்னு கெஞ்சினாவ, எறங்கினேன். அதையா எழுதி வச்சிருக்கிய?" சிரிச்சான். அப்புறம் சிரிக்கலை. "கம்பெனிக்கு ஆள் எடுக்காவளாம், உன்னைய ஏன் யாரும் கூப்பிடலைன்னு அம்மை கேக்கா. அடுத்த மாசம் எனக்கு இருபத்தஞ்சு முடியுது அண்ணே."

இந்த நாலு வருசத்துல ததேயூஸ் அவனைப் பார்க்கலையா? பத்துப் பன்னெண்டு மேட்ச் பார்த்திருக்கார். ஆனா எப்படிப் பார்த்தார்? கிரவுண்டுல புது முகம் யாருன்னு தேடுவார். ஏற்கெனவே எழுதின ஆள்னா... எழுதியாச்சுல்ல, அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?

இப்போ அவருக்கு ஒரு சங்கடம். பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது. சொன்னா, இத்தனை வருசம் சேர்த்த பேர் போகும். அங்கேயே நின்னு போன் போட்டார்.

"சார், ஒருத்தனைத் தப்பா எழுதிட்டேன். ரெக்ஸ்லின்னு பேர். அவனையும் பாருங்க."

கோச் கேட்டார்: "ததேயூஸ்... அப்போ மத்த நானூத்திப் பதினொண்ணு?"

"அதுவும் எனக்குத் தெரியாது சார்."

"சரி, அவனை வரச் சொல்லுங்க. ஆனா இனி உங்க லிஸ்டை மட்டும் நம்பி நான் ஆள் எடுக்க மாட்டேன்."

ரெக்ஸ்லின் போனான். விளையாடிக் காட்டினான். வேலை கிடைச்சது. அந்த கோச் அதுக்கப்புறம் ததேயூஸுக்கு போன் பண்ணலை. அவர் லிஸ்ட்ல புதுசா ஒரு கட்டம் போட்டார்: 'கடைசியாகப் பார்த்த தேதி'. இப்போ மேட்ச்சுக்குப் போனா, பழைய ஆளைத்தான் முதல்ல பார்க்கிறார்.

நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்லை. லிஸ்ட் இல்லையா? மருமக... சோம்பேறி. கொழுந்தன்... குடிகாரன். எதிர்வீட்டுக்காரி... வாயாடி. எழுதியாச்சு. அவங்க தினமும் நம்ம கண் முன்னால நடக்கிறாங்க. பார்க்கிறோமா? எந்தத் தேதியில பார்த்ததை இன்னும் சொல்லிட்டு இருக்கோம்? ஆண்டவர் காலையில நம்மளை எழுப்பும்போது, நம்ம பழைய தாளைப் பார்த்துட்டா எழுப்புறார்?

உங்களை மட்டும் சொல்லலை. என் லிஸ்ட்ல என் நாத்தனார் இருக்கா. 'மரியாதை தெரியாதவ'ன்னு எழுதி வச்சிருக்கேன். நான் அவளைக் கடைசியா நேரா முகம் பார்த்தது அவ கல்யாணத்தன்னைக்கு... பதினோரு வருசம் ஆச்சு. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. ஜெபம் முடிஞ்சதும் எனக்கு டீ ஊத்தாதீங்க. நான் அங்கே போறேன்.