கீழ்த்தட்டு

– ஐஸ் விழலைன்னுதான் உன்னையக் கூப்பிட்டேன், தனுஷ்கோடி. நீ என்னடான்னா கீழ்த்தட்டைப் போய்க் கிண்டிக்கிட்டு இருக்க.

– கீழதான் கோளாறே, ஆர்த்தி மேடம். தண்ணிக் குழாய் தெறந்திருக்கு, ஐஸ் மேக்கர் சுவிட்ச்சும் ஆன்லதான் இருக்கு. கதவு ரப்பர்ல தாள வச்சு இழுத்துப் பாத்தேன், நல்லாப் பிடிக்குது. இந்தத் தக்காளியத் தொட்டுப் பாருங்க. கல்லு.

– அது ஒரு மாசமாவே அப்படித்தான். பாலும் கட்டியாயிருது.

– ஒரு மாசமா? அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாம்ல மேடம். மேல இருக்கிற குளுமை கீழ எறங்குற வழியில ஒரு சின்ன மூடி இருக்கு. அது மூடாம நின்னுருச்சு. குளுமை பூரா கீழ வந்து கொட்டுது, மேல ஐஸ் கட்ட மாட்டேங்குது.

– சாயங்காலத்துக்குள்ள சரியாயிருமா? தீபாவளி ஆர்டர் பேச வடக்கேருந்து ஆளுக வாராக. ஐஸ் இல்லைன்னா எங்க வீட்டுக்காரக என்னையத்தான் கத்துவாக.

– மூடிய மாத்துனா சரியாயிரும். எங்கிட்டயே பார்ட் இருக்கு. மொதல்ல உள்ள இருக்கிறத வெளிய எடுத்து வைக்கேன்... இதென்ன மேடம், இன்சுலினா? வீட்ல யாருக்குச் சுகர்?

– எங்க வீட்ல யாருக்கும் இல்ல. நம்ம பட்டாசுக் கம்பெனியில லேபிள் ஒட்டுறாளே செல்வலட்சுமி, அவ மகளுக்கு. தகரக் கூரை வீடு, ஃப்ரிட்ஜ் கெடையாது. இங்கன வச்சுக்கிடட்டும்னு எடம் குடுத்தேன். ஒரு பாட்டில் தீந்தா அடுத்தத வந்து வாங்கிட்டுப் போவா. அதுக்குப் பதிலா வீடு கூட்டி, பாத்திரம் தேச்சுக் குடுக்கா.

– இதுவும் ஒறைஞ்சு போயிருக்கு மேடம்.

– தெரியும். அவ வர்றதுக்கு முன்னால வெந்நியில போட்டு எளக்கிருவேன். பாத்தா ஒண்ணும் தெரியாது.

– ஐயையோ, எங்கப்பாவுக்கும் இதே ஊசிதான். ஒருக்கா ஒறைஞ்சா அது மருந்தே இல்ல மேடம், தூக்கித்தான் போடணும்.

– டப்பாவுலயே போட்டிருக்கே, ஒறைய வைக்கக்கூடாதுன்னு. எனக்குப் படிக்கத் தெரியாதா?

– தெரிஞ்சுமா குடுத்தீக?

– பின்ன? சொன்னா வேற வீட்டு ஃப்ரிட்ஜத் தேடிப் போயிருவா. சீசன் நேரத்துல வீட்டு வேலைக்கு எனக்கு எவ கெடைப்பா?

– பதினோரு வயசுப் பிள்ளை மேடம். எங்க தெருதான். இந்த மாசம் ரெண்டு தடவ மயங்கி விழுந்து சாத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஆளு வத்திப்போயிட்டா. செல்வலட்சுமி அக்காகிட்ட இப்பவே சொல்லியாகணும்.

– உன் தம்பி சங்கிலிமுத்து பாக்கிங்லதான இருக்கான்?

– ஆமா. ஏன் மேடம்?

– வெடிமருந்து கலக்குற ரூமுக்கு ஆள் பத்தலைன்னு எங்க வீட்டுக்காரக ஒரு வாரமாப் புலம்புறாக. சங்கிலிமுத்து சூட்டிகையான பையன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே மாத்திருவாக.

– அந்த ரூமுலதான மேடம் போன வருசம் நாலு பேரு... அவனுக்குக் கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆகுது.

– அதான் நானும் இன்னும் வாயத் தெறக்கல. புதுப்பொண்டாட்டி சௌக்கியமா இருக்காளா?

– இருக்கா மேடம்.

– இருக்கட்டும். அந்தப் பாட்டில இங்க குடு, வெந்நி அடுப்புலதான் இருக்கு. நீ மூடிய மாத்து. கேட்டு சத்தம் கேக்குது, அவளாத்தான் இருக்கும்.

– மொதலாளியம்மா, நாந்தான் செல்வலட்சுமி! மருந்து தீந்துபோச்சு, அடுத்தத வாங்க வந்தேன். அட, நம்ம தனுஷ்கோடியா? என்னய்யா, ஃப்ரிட்ஜு ரிப்பேரா?

– ஐஸ் விழல செல்வலட்சுமி, வேற ஒண்ணுமில்ல. இந்தா, மருந்த எடுத்து வச்சிருக்கேன் பாரு. மக எப்படி இருக்கா?

– எங்க தாயி, சக்கரை எறங்கவே மாட்டேங்கு. நேத்து டாக்டரம்மா என்னையப் பிடிச்சுச் சத்தம் போட்டுட்டாக. ஒண்ணு மருந்து கெட்டிருக்கணும், இல்ல பிள்ளை களவாண்டு இனிப்புத் திங்கணும், ரெண்டுல ஒண்ணுதான்னு சொல்லுதாக. நீங்க தப்பா நெனைக்கப்படாது தாயி, ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். ஏய்யா தனுஷ்கோடி, இதுல வச்ச மருந்து கெட்டுப்போக வழியிருக்கா?

– கேளு, கேளு. எனக்கென்ன தெரியும்? அவன்தான மெக்கானிக்கு. சொல்லு தனுஷ்கோடி.

– அது வந்துக்கா...

– என்னய்யா முழிக்க? இருக்கா, இல்லையா?

– இல்லக்கா. மேலதான் கோளாறு. கீழ்த்தட்டு நல்லாத்தான் இருக்கு. மருந்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

– நல்லவேளை, உங்கிட்டக் கேட்டேன்யா. எம்மக மாரீஸ்வரி ஒண்ணுமே திங்கலம்மான்னு இருக்கன்குடி மாரி மேல சத்தியம் பண்ணுனா. நான் கேக்காம கரண்டியக் காய வச்சு ரெண்டு கையிலயும் சூடு போட்டுட்டேன். பச்சப்பிள்ளைய அநியாயமாச் சுட்டுட்டமோன்னு விடிய விடிய அழுதுக்கிட்டுக் கெடந்தேன். சிறுக்கி, சாமி மேலயே பொய்ச்சத்தியமா பண்ணுதா? இன்னைக்கு நாக்குல போடுதேன்.