அரியாலை ஒழுங்கையில் நின்ற கார்

உதயகலா: யப்பான் காரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதையுங்கோ, சொல்லிப்போட்டன்!

தில்லைநாதன்: நான் என்னத்தைச் சொன்னனான்? ஒழுங்கைக்கை நிண்டுபோச்சு எண்டு மட்டும்தானே...

உதயகலா: இது ஒருநாளும் நிண்டதில்லை. மகளின்ரை அப்பா செத்த பிறகு நான் ஓடப் பழகினதே இதிலைதான். மதிலிலை இடிச்சன், வெள்ளத்துக்கை இறக்கினன்... ஒண்டும் ஆகேல்லை.

தில்லைநாதன்: அப்ப இண்டைக்கு என்னவாம்?

உதயகலா: வெக்கையாக்கும். பொனெற்றுக்கை தலையை விட்டுப் பாருங்கோவன். முப்பது வருசம் அமெரிக்காவிலை இருந்தனியள்தானே.

தில்லைநாதன்: ம்ம்... எஞ்சின் இருக்குது.

உதயகலா: அடேயப்பா!

தில்லைநாதன்: சிரியாதையும். அமெரிக்கன் கார் எண்டால் அது இரும்பு, கலா! கொட்டுற பனிக்கை மலை மாதிரி நிக்கும்.

உதயகலா: நிக்கும் எண்டுதான் நானும் கேள்விப்பட்டனான். ஓடுமோ?

தில்லைநாதன்: நக்கல்! நீட்டு ரோட்டிலை ஏறி இருந்து பாரும். வீட்டுச் சோபாவிலை இருக்கிற மாதிரி...

உதயகலா: இஞ்சை நீட்டு ரோட்டுக்கு எங்கை போறது? உங்கடை தேர் இந்த ஒழுங்கைக்கை வந்தால் ரெண்டு பக்க வேலியும் கூட வரும். ஒரு நட்டுக் கழண்டாலும் சாமான் வாற கப்பலைப் பாத்துக்கொண்டிருக்கோணும். இதுக்கெண்டால் மருதனார்மடத்துக் கடையிலையே சாமான் கிடக்கு.

தில்லைநாதன்: அப்ப அங்கை போன் அடிச்சு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுமன்.

உதயகலா: வேண்டாம்... கொஞ்சம் ஆறட்டும்.

தில்லைநாதன்: ஓம் ஓம். ஆறட்டும். என்ன அவசரம்...

உதயகலா: அமெரிக்காவிலை நீங்கள் என்ன கார் வைச்சிருக்கிறியள்?

தில்லைநாதன்: அது... வெள்ளைக் கார்.

உதயகலா: நிறத்தைக் கேக்கேல்லை.

தில்லைநாதன்: யப்பான் கார்தான்.

உதயகலா: ஐயோ கடவுளே! பிறகேன் இவ்வளவு நேரமும் வாதாடினனியள்?

தில்லைநாதன்: பின்னை என்னத்தைக் கதைக்கிறது? உம்மடை மகளின்ரை வீட்டுக் கேற் தெரியுது.

உதயகலா: அவள் வேண்டாமெண்டு சொன்னால்... நான் மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.

தில்லைநாதன்: தெரியும், கலா.

உதயகலா: ஸ்... ஸ்கூட்டியிலை வாறாள்!

பிரதீபா: அம்மா! சோறு ஆறுது, இதிலை நிண்டு என்ன செய்யிறியள்? இவர் ஆர்?

உதயகலா: இவர்... தில்லைநாதன். என்னோடை கம்பசிலை படிச்சவர். கார் நிண்டுபோச்சு, பிள்ளை.

பிரதீபா: இந்தக் காரோ? தள்ளி நில்லுங்கோ, பாப்பம்... அம்மா, உடனை ஸ்ராட் ஆகுதே!

தில்லைநாதன்: யப்பான் கார் பிள்ளை... நல்ல கார்.

பிரதீபா: அம்மா, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

உதயகலா: நான்தான் நிப்பாட்டினனான். உன்ரை கேற்றைக் கண்டதும் கை தானாக் கார்த் திறப்பைத் திருப்பிப்போட்டுது. பாவம், இவருக்குத் தெரியாது...

தில்லைநாதன்: தெரியும். நீர் திருப்பேக்கை பாத்துக்கொண்டுதான் இருந்தனான். எனக்கும் பயம்... அதுதான் வாய் திறக்கேல்லை.

பிரதீபா: என்ன பயம்?

உதயகலா: நாங்கள்... நாங்கள் கலியாணம் முடிக்கலாமெண்டு இருக்கிறம், பிள்ளை. நீ ஓமெண்டால்.

பிரதீபா: அம்மா, நீங்கள் போனிலை அப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கத் துவங்கேக்கையே எனக்குத் தெரியும். 'இவர் ஆர்' எண்டு சும்மாதான் கேட்டனான். இவருக்கும் சேத்துத்தான் சமைச்சிருக்கிறன். ஸ்கூட்டியை உதிலை விடுறன், பின்சீற்றிலை ஏறுங்கோ ரெண்டுபேரும்... காரை நானே ஓடுறன். உங்களை விட்டால் கேற்றடியிலை திரும்பவும் நிப்பாட்டுவியள்!