டாக்டர் ஜெபராணி தனித்து எழுதிய கடிதம்

உயிர்களைப் படைத்து, உணவளித்து, குறித்த நாளில் தன்னிடம் அழைத்துக்கொள்ளும் இறைவனுக்கே புகழ் அனைத்தும். அவன் கருணையை வேண்டியே இந்த நாவை அசைக்கிறேன்.

தலைமையேற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் வெங்கடபதி அவர்களே, மறைந்த டாக்டர் அம்மாவின் தங்கை ஷைலா அவர்களே, காந்திபுரத்து நெரிசலைக் கடந்து இம்மண்டபம் வந்து சேர்ந்திருக்கும் நோயாளிகளே, அவர்தம் குடும்பத்தாரே, உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவுக.

என் பெயர் உமர் பாரூக். முப்பத்தோராண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் அறியாதவன். அறியாதவன் என்பதனாலேயே, மருந்து ஆய்வுகளைக் கண்காணிக்கும் அறநெறிக் குழுவில் பொதுமக்கள் சார்பில் என்னை அமர்த்தினார்கள்.

இரத்தப் புற்றுநோய் வல்லுநர் டாக்டர் ஜெபராணி, சென்ற வியாழக்கிழமை கடைசி நோயாளியையும் பார்த்து அனுப்பிவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே மாரடைப்பால் மறைந்தார். வயது ஐம்பத்து மூன்று. மணம் செய்துகொள்ளாதவர். அவருக்காக அழ இன்று இத்தனை பேர் இருக்கிறோம். அவரோடு நிற்க அன்று எத்தனை பேர் இருந்தோம்? அதைச் சொல்லவே எழுந்தேன்.

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு புதிய மாத்திரை சோதனைக்காக நம்மிடம் வந்தது. பழைய மருந்துகள் நல்ல அணு, கெட்ட அணு என்று பாராமல் அழித்தன. இதுவோ நோயுற்ற அணுவை மட்டும் தேடிச் சென்று அடக்கும் என்றார் டாக்டர். ஒன்பது பேரைச் சேர்த்தார். வாரந்தோறும் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தமிழில் எழுதித் தந்தவன் நான். ‘தங்கள் உடல்நலத்தில் ஏதேனும் குறை உண்டா?’ என்று பண்போடு எழுதினேன். எழுதிவிட்டு மகிழ்ந்தும் போனேன்.

அவையோரே, நம் கொங்கு நாட்டில் விருந்துண்டவரிடம் வீட்டுக்காரர் குறை உண்டா என்று கேட்டால், உண்டு என்பவர் யார்? எட்டு வாரங்கள். ஒன்பது பேர். எல்லாத் தாள்களிலும் ‘இல்லை’.

ஒன்பதாம் வாரம், அந்த ஒன்பது பேரில் ஒருவரான வெள்ளகோவில் விசைத்தறிக்காரர் வெள்ளியங்கிரி, தம் மனைவி மாசாணியம்மாளோடு வந்தார். நானும் அப்போது டாக்டரின் அறையில் இருந்தேன்.

“எப்படி இருக்கறீங்க?” என்றார் டாக்டர்.

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க.”

“கண்ணு ரெண்டும் வீங்கியிருக்குதுங்களே?”

“தறிச் சத்தமுங்க. தூக்கம் பத்தல.”

மாசாணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, எந்தத் தறி ஓடுது? தறி நின்னு ரெண்டு மாசமாச்சுங்க அம்மணி. பஸ்ஸு காங்கயம் தாண்டறதுக்குள்ள மூணு வாட்டி வாந்தி எடுத்துப்போட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல மூஞ்சியக் கழுவீட்டு மாப்பிள்ளையாட்ட உள்ள வாராரு.”

“சும்மா இரு புள்ள. அம்மணி பாடுபட்டு வாங்கிக் குடுக்கற மாத்திரை. குத்தஞ் சொன்னா அவங்க மனசு நோகாதா?”

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வாரமே மற்ற எட்டுப் பேரின் வீட்டாரையும் அழைத்து விசாரித்தார். ஆறு பேர் மறைத்திருந்தார்கள்.

‘எங்கள் எட்டு வார அறிக்கை நம்பத்தக்கதன்று’ என மருந்து நிறுவனத்துக்கு எழுதப் போவதாக அவர் குழுவில் அறிவித்தார். எழுதினால் என்னாகும்? ஆய்வையே நிறுத்தலாம், மாத்திரையும் நின்றுபோகலாம். குழுவில் இருந்த மற்ற ஐவரும் வேண்டாம் என்றோம். “ஒரு காகிதத்துக்காக ஒம்பது உசுரைப் பணயம் வெக்கலாமுங்களா அம்மணி?” என்று கேட்டவன் நான்தான்.

அவர் மெல்லச் சொன்னார்: “நாளைக்கு இந்த மாத்திரையை எங்கியோ ஒருத்தர் சாப்புடுவாருங்க ஐயா. அவருக்குக் காலு வீங்கும். அங்க இருக்கற டாக்டர் நம்ம காகிதத்தைப் பாத்துப்போட்டு, இது மாத்திரையால இல்லைன்னு அனுப்பிருவாருங்க.”

தனியாக எழுதினார். தனியாகக் கையெழுத்திட்டார். தபால் நிலையத்துக்கும் தனியாகவே நடந்து போனார்.

பதில் வந்தது. ஒன்பது பேருக்கும் மாத்திரை தொடரும். நேரில் தணிக்கை முடியும் வரை புதிதாக எவரையும் சேர்க்கலாகாது. பத்தாவதாகச் சேரக் காத்திருந்தவர் பெரியநாயக்கன்பாளையத்து லேத் தொழிலாளி திருமலைசாமி. தணிக்கைக்கு நான்கு மாதங்கள் ஆயின. மூன்றாம் மாதத்தில் அவர் இறந்தார்.

அந்த நான்கு மாதங்களும் டாக்டரோடு அமர்ந்து உணவருந்த எவரும் இல்லை. வராந்தாவில் அவர் எதிரே வந்தால் நான் அறிவிப்புப் பலகையைப் படிப்பவன்போல் திரும்பிக்கொண்டேன். டாக்டரோ ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கித் திருமலைசாமியின் வீட்டுக்குப் போனார். திருமலைசாமி இறந்த பிறகும் போனார். வெகுநாள் கழித்து, அங்கே என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் பேசறதில்லீங்க ஐயா. என்ற கடுதாசியாலதான் மாத்திரை வரலைன்னு மொதல்லயே அவரு சம்சாரத்துகிட்டச் சொல்லிப்போட்டேன். அதுக்கப்புறமும் காபி வெச்சுக் குடுக்கறாங்க. அதுதானுங்க தாங்க முடியல.”

 

வெள்ளியங்கிரிக்கு டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், வீக்கம் வடிந்தது, தறி ஓடுகிறது. டாக்டர் அக்கடிதம் எழுதியது சரி என்றால் திருமலைசாமியின் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தவறு என்றால் வெள்ளியங்கிரியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஒன்று மட்டும் அறிவேன். அவர் நடந்த வழி ஒடுங்கியதுதான். ஆயினும் இருவர் சேர்ந்து நடக்க அதில் இடமிருந்தது. நாங்கள்தாம் போகவில்லை.

தனக்கே எதிரானாலும் உண்மைக்குச் சாட்சி நிற்க வேண்டும் என்று என் மார்க்கம் எனக்குக் கற்பித்தது. வாழ்நாளெல்லாம் அதை ஓதியவன் நான். அன்று அப்படி நின்றவர் அவர். ரமலான் முடியட்டும், பெருநாளன்று நேரில் சென்று மன்னிப்புக் கேட்கலாம் என்று தள்ளி வைத்தேன். பெருநாள் வரும். அவர் இல்லை.

ஆகவே, இந்த அவையில் உறுதி கூறுகிறேன். வரும் வியாழன் முதல் இரத்தப் பிரிவின் வாசலில் அமர்வேன். நோயாளியோடு வந்தவரை அருகழைத்து, ‘நேத்து எத்தனை வாட்டி வாந்தி, செருப்பு காலுல நுழையுதுங்களா’ என்று கேட்டு, கேட்டதைக் கேட்டபடியே எழுதுவேன். இனி எங்கள் குழுவில் ஒருவர் தனித்து நிற்க நேர்ந்தால், அவர் சொல்வது எனக்கு உடன்பாடாயினும் இல்லையாயினும், அவர் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன்.

உங்கள் இல்லங்கள் நோய் நீங்கி வாழ்க. உங்களில் நோவுற்றவர்க்கு அதை மறைக்காமல் சொல்லும் நாவையும், உடனிருப்போர்க்கு அதைப் பொறுத்துக் கேட்கும் செவியையும் இறைவன் அருள்வானாக.