தரையில் வைத்த கோப்பை

காபியை நான் எப்போதும் சூடாகத்தான் குடிப்பேன். அன்று ஆறவிட்டது வேலைக்காக.

எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்கள் கூட்டிக் குறைத்துத்தான் எழுதுவீர்கள், அதுவும் தெரியும். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைக்கு நான் ஆள். தலைநகர் அம்மானில் எம்.பி.க்களைப் பார்த்துச் சரிக்கட்டுவது என் வேலை. வீடுகளுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆலை கூடாது என்று ஒரு மசோதா வந்தது. அதைச் சபைக்கு அனுப்புவதும் அமுக்குவதும் நாடாளுமன்றக் குழுத் தலைவர் தௌகான் கையில். அதை அமுக்கச் சொல்லி அமைச்சக அதிகாரிகள் கோப்போடு போய்ப் பேசினார்கள். விரட்டிவிட்டார். படித்தவர்களுக்கு வேறென்ன தெரியும்? என்னிடம் வந்தார்கள்.

குலப் பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தௌகான் வீட்டுக்குப் போனேன். அவரே காபி ஊற்றினார். குடிக்காமல் தரையில் வைத்தேன். எங்களில் விருந்தாளி அப்படி வைத்தால், ஒன்று கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். கொடுக்காமல் அனுப்புகிறவன் பெயர் நாறிப்போகும். அப்புறம் அவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?

“குடிங்க, அபூ ரக்கான்,” என்றார். “வேற எது வேணா கேளுங்க. என் மக வீடு அந்த ஆலைச் சுவரோரமா இருக்கு. பச்சப்புள்ள வச்சிருக்கா.”

நான் கையை நீட்டவில்லை. பெரியவர்கள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், “உங்கப்பன் இருந்தவரைக்கும் இந்த வீட்டுல காபி ஆறினதில்ல, தம்பி,” என்றார்.

தௌகான் முகம் செத்துப்போயிற்று. “குடிங்க. கேட்டது நடக்கும்.”

குடித்தேன்.

மசோதா அமுங்கியது. ஆலையோரத் தெருப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டன. சிலதுக்குப் பேச்சே வரவில்லை. சில இறந்தன, தௌகானின் பேரன் உட்பட.

புகையில் என்ன இருந்தது என்று எனக்கு முன்பே தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அதே தெருவில் குடியிருந்த என் மகளை, தௌகான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஊர் மாற்றிவிட்டேன். அவளே உங்களிடம் சொல்லிவிட்டாளாம். இனி மறைத்து என்ன?

பேரனை அடக்கம் செய்துவிட்டுத் தௌகான் என் வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்த காபியைத் தரையில் வைத்தார்.

“உனக்கு முன்னமே தெரியும்ல? ஆலை மேல கேஸ் போட்டிருக்கேன், அத கோர்ட்டுல வந்து சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல.”

ஆறட்டும் என்று இருந்தேன். ஆறியது. “வேற சூடா ஊத்தட்டுமா?” என்றேன். எழுந்து போய்விட்டார்.

இதை மட்டும் விடாமல் எழுதுங்கள். ஒரு மனிதனால் கொடுக்க முடியாததைக் கோப்பையை வைத்துக் கேட்கக் கூடாது. எங்கள் வழக்கத்தைக் கெடுத்தவர் அவர்தான்.